ஆணிக்கு வெளியே ஒருவர், உள்ளே ஒருவர்

மரப்படகு கட்ட இரண்டு வழி உண்டு. எலும்புக்கூட்டை முதலில் நிறுத்தி, அதன்மேல் பலகையைத் தோல்போலப் போர்த்துவது ஒன்று. தோலை முதலில் கட்டி முடித்து, அது கொடுத்த வடிவத்துக்குள் எலும்பை வளைத்து இறக்குவது மற்றது. யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் சிறுவனாக நான் பார்த்தது முதல் வழி. படகு கட்டும் தச்சரான ஓடாவியார் படகின் முதுகெலும்பான ஏராவை நீட்டி வைப்பார், விலா எலும்புகளான மணிக்கால்களை வரிசையாக நிறுத்துவார், அதன் பிறகுதான் பலகை ஏறும். பலகையின் விளிம்பும் விளிம்பும் முட்டி நிற்கும். இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்று அடிப்பார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார், அது எங்கள் ஊர் மாலுமிகளோடு 1938இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கதையில் வருகிற கப்பலும் எலும்பு முதல், தோல் பிறகு என்றே என் மனத்தில் நின்றது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக்கில் குடியேறிய பிறகுதான் இரண்டாவது வழியைக் கண்ணால் கண்டேன். இங்கே அதைக் கிளிங்கர் என்கிறார்கள். ஒவ்வொரு பலகையும் தனக்குக் கீழே உள்ள பலகையின் மேல்விளிம்பை ஒரு விரல் அகலம் மூடி உட்காரும். மூடிய இடத்தில் செப்பு ஆணி வெளியிலிருந்து உள்ளே வரும், உள்ளே ஒரு செப்பு வில்லை மாட்டித் தட்டி இறுக்குவார்கள். பஞ்சும் இல்லை, தாரும் இல்லை, பசையும் இல்லை. மரமும் மரமும் நெருங்கி நிற்பதாலேயே தண்ணீர் வெளியே நிற்கிறது.

டெபன் ஆற்றங்கரையில் வூட்பிரிட்ஜ் என்ற சின்ன ஊர். அதற்கு எதிர்க்கரையின் மேட்டு நிலம்தான் சட்டன் ஹூ. 1939இல் பேசில் பிரவுன் என்பவர் அங்கே, எடித் பிரெட்டி அம்மையாரின் காணியில், ஒரு மண்மேட்டைத் தோண்டினார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாத, தானாகவே கற்றுத் தேறிய அகழ்வாளர் அவர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அரசனுக்காகப் புதைத்ததாகக் கருதப்படும் 27 மீட்டர்க் கப்பல் அது. அமிலம் மிகுந்த மணல் மரத்தை முழுதாகத் தின்றுவிட்டது. மிஞ்சியவை துருவேறிய இரும்பு ஆணிகளும், மணலில் பதிந்து கிடந்த வடிவமும்தான். ஆணி வரிசையைக் கலைக்காமல், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்து நகர்ந்து அவர் அந்த இல்லாத கப்பலை வெளியே கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஒன்பது பலகை, மொத்தம் 26 மணிக்கால். இப்போது வூட்பிரிட்ஜ் கரையில் ஒரு நீண்ட கொட்டகைக்குள் தன்னார்வலர்கள் கூடி அதே கப்பலை முழு அளவில் மறுபடி கட்டுகிறார்கள். யார் போனாலும் பார்க்க விடுவார்கள். நானும் பார்க்கத்தான் போனேன்.

டென்மார்க்கின் நைடாம் சதுப்பில் 1863இல் எடுத்த கப்பல் நான்காம் நூற்றாண்டுக்கு உரியது, அதுவும் இதே முறை. அவ்வளவு காலமாக வடகடல் நாடுகள் இதை விடவில்லை. ஐந்து நோர்டிக் நாடுகளின் கிளிங்கர் மரபை யுனெஸ்கோ 2021இல் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் என்னை இழுத்தது வரலாறு என்று சொன்னால் பொய். என்னை இழுத்தது நிழல். ஒரு கிளிங்கர்ப் படகு சாய்வெயிலில் நின்றால் ஒவ்வொரு பலகையின் விளிம்பும் கீழே மெல்லிய நிழல் விடும். முன்முனையான அணியத்திலிருந்து பின்பலகை வரை வரிசையாக நிழற்கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவது தெரியாது. அந்தக் கோடுகள்தான் பிறகு என்னைப் படாதபாடு படுத்தின.

தொழிலால் நான் மருந்தாளன். மில்லிகிராம் பிசகினால் ஓர் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிச் சொல்லிப் பழக்கப்பட்டவன். எண்ணில் எழுதாத எதையும் நம்புவதில்லை. பத்தடி நீளத்தில், துடுப்பாலும் சிறு பாயாலும் ஓடக்கூடிய ஒரு கிளிங்கர்த் தோணியை என் கராஜுக்குள் கட்டுவது என்று தீர்மானித்ததும் நான் செய்த முதல் வேலை புத்தகம் வாங்கியது. ஜோன் லெதர் எழுதிய கிளிங்கர் நூலை வரிக்கு வரி படித்தேன். பழைய வரைபடம் ஒன்றை வாங்கி, அளவுகளை எல்லாம் மில்லிமீட்டருக்கு மாற்றி அட்டவணை போட்டேன். அதை எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் ஐம்பது வருடத்துக்கு மேல் தோணி கட்டிய ஒருவரிடம் போனேன். கிழவர் என்று எழுதினால் கோபிப்பார், ஆகவே படகுக்காரர் என்றே சொல்கிறேன். அட்டவணையைக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். மடித்து என் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தார். “இது அச்சுப் பலகை வெட்டும்வரைக்கும் உதவும்” என்றார்.

கராஜுக்கு வருவதற்கு முன் மரத்தைப் பற்றி. பலகைக்கு லார்ச். ஊசியிலை மரம்தான், ஆனால் மாரியில் இலை உதிர்க்கும். பிசின் நிறைந்தது, வளையும், லேசில் உளுத்துப்போகாது. படகுக்கென்று வாங்கும் லார்ச்சைப் பட்டையோடு, அகலப் பலகையாக அறுத்துத் தருவார்கள். கணு இல்லாத லார்ச் கிடைக்காது. உயிருள்ள கிளையின் கணு சுற்றியுள்ள மரத்தோடு ஒட்டிப் பிறந்தது, அது இருக்கட்டும். செத்த கிளையின் கணுவைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கும். அது ஒருநாள் மூடிபோலக் கழன்று விழும். மர வாடியில் பலகையைப் புரட்டிப் புரட்டி இந்த வளையத்தைத் தேடுவதில் ஒரு பகல் போய்விடும். ஏராவுக்கும் அணியக் கட்டைக்கும் மணிக்காலுக்கும் ஓக். முன்னொரு காலத்தில் இந்தக் கரையில் ஏராவுக்கு எல்ம் போட்டார்கள். 1960களின் கடைசியில் பரவத் தொடங்கிய எல்ம் நோய் கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றுவிட்டது. அதனால் இன்று எல்ம் கேட்டால் வாடிக்காரர் சிரிக்கிறார். முழங்கால்கள் என்று சொல்லும் மூலைத் தாங்கிகளுக்கு இயற்கையாகவே வளைந்த கிளைக்கவட்டை வேண்டும். நேர்மரத்தில் அறுத்தெடுத்தால் நாரோட்டம் குறுக்கே வெட்டுப்பட்டு அந்த இடத்திலேயே பிளக்கும். புயலுக்குப் பிறகு பூங்காவில் விழுந்த ஓக் கிளைகளைப் பார்த்துக்கொண்டு நடக்கும் பழக்கம் எனக்கு இன்றும் போகவில்லை.

ஏராவும் அணியக் கட்டையும் சேரும் இடத்தில் ஒரு சிறிய வேலை இருக்கிறது. பலகையின் விளிம்பு உட்காரும் தவாளிப்பு அந்த மூட்டைக் கடந்து போகும். மூட்டின் வழியாகத் தண்ணீர் மெதுவாக ஏறி உள்ளே வரப் பார்க்கும். அதைத் தடுக்க மூட்டின் குறுக்கே துளையிட்டு, பைன் போன்ற மென்மரத்தில் செய்த ஒரு முளையை அடித்து விடுவார்கள். தண்ணீர் பட்டதும் அது வீங்கி வழியை அடைத்துவிடும். பசை விற்பவர்கள் யாரும் இதைவிட மலிவாக எதையும் கொடுத்ததில்லை.

இனி வருவதுதான் விஷயம். ஏராவின் மேல் ஐந்து அச்சுப் பலகைகளைத் தூக்குநூல் பார்த்து நிறுத்தியாயிற்று. அவை படகின் உறுப்பு அல்ல. பிறகு கழன்று போகிற தற்காலிக வழிகாட்டிகள். இப்போது பக்கத்துக்கு ஒன்பதாக என் தோணியின் பலகைகள் எங்கே ஓடும் என்று அவற்றின்மேல் குறிக்க வேண்டும். எந்த அச்சின் சுற்றளவையும் ஒன்பதால் சமமாக வகுத்தால் போதும் என்று தோன்றும். வகுக்கலாம், படகு அசிங்கமாக வரும். ஏராவை ஒட்டிய அடிப்பலகை அகலமாக இருக்கலாம். வயிறு திரும்பும் இடத்தில் பலகை ஒடுங்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டையான பலகை அந்த வளைவைச் சுற்றாது. அதற்கு மேலே மறுபடி கொஞ்சம் அகலலாம். அணியத்துக்கு வரும்போது ஒன்பதும் குறுகிக் குறுகி ஒரு கையளவுக்குள் அடங்க வேண்டும். இதற்கெல்லாம் விதிகள் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் விதிப்படி குறித்த புள்ளிகளில் ஒரு மெல்லிய சிலாகையை வைத்து ஆணி தட்டிப் பார்த்தால் அது எங்காவது ஓரிடத்தில் தயங்கும்.

தயங்கும் என்றுதான் சொல்ல வேண்டும். அளவுகோலுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர். அணியத்தின் முன் குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிலாகையின் வழியே பார்த்தால் தெரியும். படகுக்காரர் முதலில் குந்தியிருந்து பார்த்தார், பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தார், பிறகு ஸ்டூலில் ஏறிக் கீழ்நோக்கிப் பார்த்தார். கடைசியில் நிலத்தில் படுத்துப் பார்த்தார். “இந்த ஆணியைப் பிடுங்கு” என்றார். பிடுங்கினேன். சிலாகை தானே ஒரு சிறு துள்ளல் துள்ளித் தனக்கு வேண்டிய இடத்துக்குப் போனது. “இப்ப அது எங்கே நிற்குதோ அங்கே குறி” என்றார். குறித்த புள்ளி என் அட்டவணையில் இல்லாத எண்.

ஏன் இவ்வளவு பாடு? எங்கள் ஊர் முறையில், விளிம்போடு விளிம்பு முட்டும் படகில், பலகை எல்லாம் ஏறிய பிறகு முழு உடம்பையும் சீவுளியால் சீவி ஒழுங்காக்கலாம். மேட்டைக் குறைக்கலாம், பள்ளத்தை அடைக்கலாம், வர்ணம் மூடிவிடும். கிளிங்கரில் அது நடக்காது. ஒவ்வொரு விளிம்பும் தன் நிழலோடு வெளியே நிற்கிறது. ஒரு கோடு கோணினால் அதற்கு மேலே வருகிற ஒவ்வொரு கோடும் அந்தக் கோணலைச் சுமந்துகொண்டு போகும், மேல்விளிம்பு வரை. அதனால் இந்த ஊரில் ஒரு தோணி கட்டியவரின் கை எப்படி என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. ஐம்பதடி தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த இடத்தில் நம்முடைய கரையைப் பற்றி ஒரு வார்த்தை. பாக் நீரிணையின் தமிழகப் பக்கத்தில் வத்தை என்னும் மீன்பிடிப் படகைக் கட்டும் ஓடாவிகளின் வேலையை 1990களில் ஷான் மக்ரெய்ல், லூசி புளூ, எரிக் கென்ட்லி முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது. ஒரு பலகையில் கீறி வைத்த கோடுகளிலிருந்து மணிக்கால்களின் வடிவத்தை எடுத்தார்கள். அங்கே கணக்கு எலும்புக்குள் இருக்கிறது, இங்கே தோலுக்குள் இருக்கிறது. காகிதம் இரண்டு பக்கமும் இல்லை.

கோடுகள் தீர்மானமான பிறகு பலகை வெட்ட வேண்டும். படகில் நேராக ஓடுவதுபோலத் தெரியும் பலகையைத் தரையில் விரித்தால் அது நேராக இருக்காது. சில பலகைகள் வில்லாக வளைந்திருக்கும், சில பாம்புபோல இருபக்கமும் நெளிந்திருக்கும். அந்த வடிவத்தைப் பிடிக்க ஒரு மெல்லிய பிளைவூட் துண்டை அச்சுகளின்மேல் இறுக்காமல் படிய வைத்து, கவராயத்தை ஒரே அகலத்தில் திறந்து வைத்துக்கொண்டு, கீழ்ப்பலகையின் விளிம்பிலிருந்து புள்ளிகளை அதன்மேல் மாற்றுவார்கள். பிறகு அதைக் கழற்றி லார்ச் பலகையில் வைத்து அதே கவராயத்தால் திரும்ப எடுப்பார்கள். கவராயத்தின் அகலம் நடுவில் மாறக் கூடாது, அவ்வளவுதான். சின்ன வயதில் கணக்குப் பாடத்தில் கவராயத்தை எதற்குத் தந்தார்கள் என்ற கேள்விக்கு எனக்கு ஐம்பது வயதில் பதில் கிடைத்தது. ஒரு பக்கத்துக்கு வெட்டியதே மறு பக்கத்துக்கும் அச்சு, ஆகவே பலகைகள் இரண்டிரண்டாகப் பிறக்கும்.

அடுத்த பலகை ஏறுவதற்கு முன் கீழ்ப்பலகையின் மேல்விளிம்பை, மூடப்படும் அந்த விரலகலத்துக்குச் சரிவாகச் சீவ வேண்டும். படகு நடுவில் தட்டையாகவும் வயிற்றில் வளைந்தும் அணியத்தில் செங்குத்தாகவும் இருப்பதால் அந்தச் சரிவு அடிக்கு அடி மாறிக்கொண்டே போகும். அச்சுள்ள இடங்களில் சரிவை அளந்து எடுக்கலாம். இரண்டு அச்சுக்கு நடுவில் சீவுளிதான் யோசிக்க வேண்டும். புதுப்பலகையைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, உள்ளே ஒரு விளக்கை வைத்து, வெளியே இருந்து பார்ப்பேன். வெளிச்சம் கசிகிற இடத்தில் தண்ணீரும் கசியும். கழற்றி இரண்டு சீவு, மறுபடி கிளாம்ப், மறுபடி விளக்கு. அணியத்துக்கு வரும்போது பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கக் கூடாது, சமதளமாகித் தவாளிப்புக்குள் போக வேண்டும். அதற்காகக் கடைசி ஓரடியில் கீழ்ப்பலகையில் பாதியும் மேற்பலகையில் பாதியும் தடிப்பைக் குறைத்துக்கொண்டே போவார்கள். கூர்மையான உளியும் பொறுமையும் கேட்கிற வேலை இது. பொழுதுபோக்காகத் தச்சுச் செய்கிறவர்கள் பலர் கிளிங்கரைக் கைவிடுவது இந்த ஓரடியில்தான் என்று படகுக்காரர் சொல்வார்.

ஆணி அடிப்பது நேர் எதிர். அது தனியொருவர் வேலை இல்லை.

சதுரமான செப்பு ஆணி வெளியிலிருந்து உள்ளே வரும். வெளியே ஒருவர் ‘டொலி’ என்கிற இரும்புக் கட்டியை ஆணித்தலையில் அழுத்திப் பிடிப்பார். உள்ளே இருப்பவர் குவிந்த செப்பு வில்லையை ஆணிமுனையில் மாட்டி, துளையுள்ள ஒரு ‘பஞ்ச்’ கருவியால் மரத்தோடு நெருக்கி இறக்குவார். மிஞ்சிய ஆணியை வில்லைக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு வெட்டிவிட்டு, உருண்டை முகமுள்ள சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கவிழ்ந்த குமிழாக்குவார். ஓங்கி அடித்தால் செம்பு மரத்துக்குள்ளேயே நெளிந்துவிடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே பிடிமானம் இருக்காது. சின்னச் சின்னத் தட்டாக இருக்க வேண்டும். முதல் தட்டுகளில் ஒலி மந்தமாக இருக்கும். மரம் இரண்டும் நெருங்கிச் செம்பு இறுகும்போது ஒலி மாறும், உயரும். அந்த மாற்றம் கேட்டதும் நிறுத்த வேண்டும். பத்தடித் தோணிக்கு இப்படி ஆயிரத்துக்கு மேல் ஆணிகள். கண்ணுக்குக் கோடு என்றால் காதுக்கு இது.

டொலி பிடித்தவள் என் மகள். பள்ளிக்கூட விடுமுறையில் பாக்கெட் மணிக்காக வந்தாள், பிறகு காசு கேட்பதை விட்டுவிட்டாள். நடுவில் மரச்சுவர், அவளுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவளைத் தெரியாது. டொலியால் ஒரு தட்டுத் தட்டினால் அவள் ஆயத்தம். நான் இரண்டு தட்டுத் தட்டினால் அடுத்த ஆணிக்குப் போகலாம். அடிப்பலகைக்கு ஆணி அடிக்கும்போது அவள் தோணிக்குக் கீழே மல்லாந்து படுத்துக் கிடப்பாள்.

“அப்பா, இன்னும் எத்தினை?”

“எண்ணாதை பிள்ளை. சத்தத்தைக் கேள்.”

“சத்தம் எல்லாம் ஒரே மாதிரித்தான் கேக்குது.”

ஒரு மாதம் போவதற்குள் உள்ளே நான் நிறுத்துவதற்கு ஒரு தட்டு முன்பே “காணும் அப்பா” என்று கீழே இருந்து குரல் வரத் தொடங்கியது. டொலியைப் பிடித்திருக்கும் கைக்கு இறுக்கம் சுத்தியல் கைக்கு முன்பே தெரிந்துவிடும் என்று படகுக்காரர் சொன்னார். அதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை.

ஒன்பதாவது பலகையும் ஏறிவிட்டால் கராஜுக்குள் ஒரு வெறும் ஓடு நிற்கும். விலா எலும்பு ஒன்றுகூட இல்லாமல் அது தன் வடிவத்தைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகுதான், தோல் முதல் என்பது எனக்கு உண்மையாகவே விளங்கியது. இனி மணிக்கால். அதற்குக் காய்ந்த ஓக் உதவாது. பச்சை ஓக், நாரோட்டம் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நேராக ஓட வேண்டும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் நீராவி என்பது பழைய கணக்கு. என்னுடையவை அங்குலத்தில் எட்டில் மூன்று, ஆகவே இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். பெரிய பட்டறைகளில் கொதிகலன் இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு இங்கிலாந்தின் ஒவ்வொரு வன்பொருள் கடையிலும் கிடைக்கும், சுவர்க் காகிதம் உரிக்கும் நீராவிக் கருவி போதும். பிளைவூட்டில் ஒரு நீளப் பெட்டி, ஒரு முனையில் கருவியின் குழாய், மறு முனையில் அடைப்பதற்குப் பழைய துணி.

பெட்டியைத் திறந்ததும் ஓக்கின் புளித்த வாசனை வீட்டுக்குள் போகும். மனைவி யன்னலை அடித்துச் சாத்துவார். கையுறையோடு ஒன்றை உருவி எடுத்து, இரண்டே எட்டில் தோணியை அடைந்து, நடுவை ஏராவில் மிதித்து, இரண்டு முனையையும் இரண்டு பேர் வயிற்றோடு சேர்த்து அழுத்த வேண்டும். அரை நிமிடத்துக்குள் மரம் மறுபடி மரமாகிவிடும். அதற்குப் பிறகு அழுத்தினால் ஒடியும். எவ்வளவு பார்த்து அறுத்தாலும் சில ஒடியத்தான் செய்யும், அதற்காகக் கூடுதலாக அறுத்து வைப்பது வழக்கம். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் அவருடைய மைத்துனரும் வந்திருந்தார்கள். எனக்கு அவர்களோடு அதுவரை வணக்கம் சொல்லும் பழக்கம் மட்டும்தான். கடைசி மணிக்கால் உள்ளே போகும்போது மைத்துனர் எனக்கே கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். நீராவி நாள் எல்லாரையும் மேஸ்திரியாக்கிவிடும்.

மேல்விளிம்பு, குறுக்கிருக்கைகள், முழங்கால்கள், துடுப்புக் கவை, இவையெல்லாம் நல்ல தச்சு வேலை. விவரமாகச் சொல்ல எதுவும் இல்லை. உள்ளே ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் பைன் தாரும் கலந்து பூசினேன். வெளியே வர்ணம், மேற்பலகைக்கு மட்டும் வார்னிஷ்.

முதல்நாள் தண்ணீரில் இறக்கியபோது தோணி ஒழுகியது. ஒழுகத்தான் வேண்டும். காய்ந்த லார்ச் தண்ணீரைக் குடித்து அகலவாட்டில் வீங்கும், வீங்கி இடுக்குகளைத் தானே மூடிக்கொள்ளும். தெரியாதவர்கள் இந்த நேரத்தில் பயந்துபோய்ப் புட்டியை எடுத்து இடுக்குகளில் அப்பிவிடுவார்கள். பிறகு மரம் வீங்க இடமில்லாமல் ஆணிகளையே இழுத்துத் தளர்த்தும். வூட்பிரிட்ஜில் வற்றம் வந்தால் ஆற்றில் சேறுதான் மிச்சம். தோணி சேற்றில் உட்கார்ந்து, பெருக்கில் மிதந்து, வாளியால் இறைத்து, இரண்டு மூன்று பெருக்கு வற்றத்துக்குள் உட்புறம் ஈரமாக மட்டும் இருந்தது.

இப்போது என்னுடைய தீர்ப்பைச் சொல்கிறேன். தண்ணீரில் போக ஒரு சின்னப் படகு வேண்டும், அதுவும் கையால் கட்ட வேண்டும் என்றால், பெரும்பாலானவர்களுக்குக் கிளிங்கர் ஏற்றதில்லை. 1962இல் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சு சொல்லிக்கொடுத்த பாரி பக்னெல்லும் சேர்ந்து மிரர் டிங்கி என்ற சிறு படகைக் கொண்டுவந்தார்கள். பிளைவூட் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடாவும் பிசினும் ஒட்டுகிற முறை. தச்சே தெரியாதவர்கள் சமையலறையில் வைத்துக் கட்டினார்கள். 70,000க்கு மேல் உலகமெங்கும் ஓடின. அதைவிட நல்ல தொடக்கம் இன்னும் வரவில்லை. கிளிங்கரின் கோடுகளும் வேண்டும், ஒழுகவும் கூடாது என்பவர்களுக்கு, 2024இல் காலமான படகு வடிவமைப்பாளர் இயன் ஓட்ரெட் வழி சொல்லி வைத்திருக்கிறார். பிளைவூட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து எபொக்சியால் ஒட்டுவது. அவர் வரைந்த செயின்ட் எய்ல்ஸ் என்ற 22 அடித் துடுப்புப் படகை ஸ்காட்லாந்தின் மீன்பிடி அருங்காட்சியகம் 2009இல் தொடங்கி வைத்தது. அதற்குப் பிறகு கரையோர ஊர்கள் பலவும் கூடி நின்று தமக்கென ஒன்றைக் கட்டிப் போட்டிக்கு விடுகின்றன. ட்ரெய்லரில் ஏற்றி வாரக்கடைசியில் மட்டும் தண்ணீர் காட்டுகிறவர்களுக்கு ஒட்டுப்படகுதான் சரி. என்னுடையது இரண்டு வாரம் வெயிலில் கிடந்தால் மறுபடி வாளியைத் தேட வேண்டும். அடியில் ஈரச் சாக்குப் போட்டுக் காக்க வேண்டும்.

பிறகு எதற்கு இது? ஒட்டியதைப் பிரிக்க முடியாது, ஆணி அடித்ததைப் பிரிக்கலாம் என்பதுதான் என் பதில். மூன்றாவது பலகை கல்லில் மோதிப் பிளந்தால் வில்லைகளை அரத்தால் தேய்த்து, ஆணிகளைத் தட்டி வெளியே எடுத்து, பலகையைக் கழற்றி, அதையே அச்சாக வைத்துப் புதுப்பலகை வெட்டலாம். நூறு வயதான கிளிங்கர்த் தோணிகள் இந்த ஆற்றில் ஓடுகின்றன. அவற்றில் முதலில் போட்ட பலகை எத்தனை மிச்சம் என்று சொந்தக்காரர்களுக்கே தெரியாது. படகுக்காரரின் பட்டறையில் பழைய பலகைகள் எறியப்படாமல் இறவாரத்தில் தொங்கும். அதுதான் அவருடைய வரைபடப் பெட்டி. பிளைவூட்டில் எபொக்சிக்குள் தண்ணீர் புகுந்தால் கறுத்த பகுதியை வெட்டி எறிந்து ஒட்டுப்போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது கட்ட நினைத்தால் என்னால் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். பத்தடிக்கு மேலும் போகாதீர்கள், எட்டடிக்குக் கீழேயும் போகாதீர்கள். படகு சின்னதாகச் சின்னதாகப் பலகை அதிகம் வளைய வேண்டியிருக்கும், வேலை கூடும். கராஜ் கதவின் அகலத்தை முதலில் அளந்து பாருங்கள். செப்பு ஆணியில் கஞ்சத்தனம் பார்த்து இரும்பு ஆணி போடாதீர்கள், ஓக்கில் உள்ள அமிலம் அதைத் தின்றுவிடும். சிலாகை தயங்கும் இடத்தில் அளவுகோலை நம்பாமல் சிலாகையை நம்புங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, மர வாடிக்குப் போவதற்கு முன்பே, டொலி பிடிக்க ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். லார்ச் எந்த மாதமும் கிடைக்கும்.